படகின் முடிச்சைப் பற்றிச் சொன்னது யார்?

நான் வேலை செய்த நூலகத்தில் இப்போது புத்தகங்களைக் கணினியே வாசிக்கிறது. அந்த வேலைக்குப் பொறுப்பாக இருக்கும் தர்ஷினி சென்ற மாதம் உப்புவெளியில் உள்ள என் வீட்டுக்கு ஒரு சந்தேகத்தோடு வந்தார். கணினிக்கு ஆண் குரல், பெண் குரல், வயதானவர் குரல் என்று பல குரல் கொடுக்கலாமாம். கதைகளில் சிக்கல் இல்லை. யார் கதைக்கிறார் என்று எழுதியே இருக்கும். பழைய செய்யுள்களில்தான் பெயர் இல்லாமல் யாரோ யாருடனோ கதைக்கிறார்கள்.

"நீங்கள் எப்பிடி அண்ணை முடிவெடுத்தனீங்கள், இது ஆரின்ர குரல் எண்டு?"

நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன். என் மனைவி இரக்கப்பட்டு, "அவர் நேர கதைக்க மாட்டார் பிள்ளை. கையில புத்தகத்தைக் குடுத்தா வாசிப்பார்" என்றாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுத உட்கார்ந்தபின்தான், நான் பெரும்பாலும் முடிவெடுக்கவே இல்லை என்பது தெரிகிறது.

பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிந்து ஒலிநாடாவில் அனுப்புகிற சிறிய நூலகம் அது. திருகோணமலையில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி. கூட்டித் துடைக்கவும் இரவுக்குப் பூட்டவும்தான் நான் அங்கே சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதன்பின் கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவேன். அவர்களுக்குக் கை ஓயாது, எனக்கு வாய் ஓயாது. அதுதான் என் பயிற்சி.

ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து, ஆரும் இல்லையென்று நினைத்து, பார்சல் சுற்றி வந்த பேப்பரை உரத்து வாசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் தங்கேஸ் மிஸ் நின்றதை அறியவில்லை. அவர் ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியை. பதிவறை முழுவதும் அவர் பொறுப்பு. "ஆர் அது வாசிக்கிறது?" என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே 'ஆர்' என்பதுதான். அடுத்த கிழமை என்னை வாசிக்கப் பதிவறைக்குள் இருத்திவிட்டார்.

பதிவறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுவரெல்லாம் பழைய மெத்தைப் பஞ்சு, ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கண்ணாடி யன்னல். பதிவு நடக்கும்போது மின்விசிறி ஓடாது. மொடமொடப்பான சட்டை போடக்கூடாது. பசியோடு வரக்கூடாது, வயிறு கத்தினால் அதுவும் பதிந்துவிடும். புத்தகத்தின் தையலைப் பிரித்துத் தாள்களைத் தனித்தனியாக அடுக்கிக்கொள்வோம். வாசித்த தாளைத் தூக்காமல் மேசையோடு இழுத்து விட்டால் சத்தம் வராது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் வசனத்தின் நடுவில் நிறுத்தாமல், வசனத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போகவேண்டும். அடிக்குறிப்பு வந்தால் 'குறிப்பு' என்று சொல்லி வாசித்து, 'குறிப்பு முடிந்தது' என்று சொல்லி மீளவேண்டும். கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்று அவருக்கு எப்போதும் தெரிந்திருக்கவேண்டும்.

மிஸ் கண்ணாடிக்கு மறுபக்கம், எனக்கு முதுகைக் காட்டி இருப்பார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். என் முகத்தைப் பார்த்தால் நான் நன்றாக வாசிக்கிற மாதிரித்தான் தெரியும், நாடாவில் முகம் போகாது என்பார். ஏதும் பிழைத்தால் பென்சிலால் கண்ணாடியில் ஒரு தட்டு. பிழை என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேள்விதான் கேட்பார். "ஆர் சொல்லுறது? ஆருக்குச் சொல்லுறது? வேற ஆருக்குக் கேக்குது?" மூன்றுக்கும் பதில் தெரியும்வரை அடுத்த வரிக்குப் போக முடியாது.

முதல் இரண்டு கேள்விகளும் எதற்கு என்பதை எங்கள் நாடாக்களைக் கேட்கும் குச்சவெளி அம்மா ஒருவர் எனக்குக் காட்டித் தந்தார். நான் பதிந்த முதல் நாவல், 'நான்' என்று ஒருவன் தன் கதையைத் தானே சொல்லும் நாவல். அவன் மனைவியை விட்டுவிட்டுப் போனவன். போனதற்கு நியாயமும் அழகாகச் சொல்லுவான். அதையும் நான் மனதார வாசித்து வைத்தேன். சில மாதம் கழித்து, நாடா இயந்திரம் ஒன்றைத் திருத்திக்கொண்டு குச்சவெளிக்குப் போனேன். அந்த அம்மா என் குரலைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இயந்திரத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வாசலில் வைத்து அவருடைய மகள் எனக்குக் காதோடு சொன்னாள்: "அம்மாக்கு உங்களில கோவம். அந்தப் பிள்ளையை அப்பிடித் தனிய விட்டுட்டு வந்திட்டீங்களாம்."

நான் அப்போது திருமணமே செய்திருக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது முதலில் சிரிப்பு வந்தது, பிறகு யோசனை வந்தது. புத்தகத்தில் கதை சொல்கிறவன் ஒருத்தன், அவனை எழுதினவர் இன்னொருவர், வாசிக்கிற நான் மூன்றாவது ஆள். கண்ணால் வாசிக்கிறவருக்கு மூன்றாவது ஆள் கிடையாது. காதால் வாசிக்கிறவருக்கு அந்த மூன்றாவது ஆள்தான் முன்னுக்கு நிற்கிறான். அவன் நியாயத்தை நான் நம்பி வாசித்தால், அவன் பொய்யும் என் குரலில் உண்மையாகிவிடுகிறது. மிஸ்ஸிடம் சொன்னேன். "அவன் சொல்லுறதை நம்புறதும் விடுறதும் அந்த அம்மாவின்ர பாடு. நீங்கள் அவனுக்குச் சாட்சி சொல்லப் போகாதையுங்கோ" என்றார்.

மூன்றாவது கேள்வி விளங்கினது பழைய அகப்பாட்டுகள் பதியத் தொடங்கியபோது. அந்தப் பாட்டுகளில் ஆட்கள் குறைவு. தலைவன், தலைவி, தோழி, தாய், இன்னும் சிலர். பெயர் ஒருவருக்கும் இல்லை. பாட்டுக்கு மேலே ஒரு குறிப்பு இருக்கும், இதை இன்னார் இன்னாருக்குச் சொன்னது என்று. பாட்டு எழுதப்பட்டு வெகுகாலத்துக்குப் பின் வந்தவர்கள் அனுமானித்து எழுதிவைத்தது அது என்று மிஸ் விளக்கினார். அதில் ஒரு வகை என்னை மிகவும் கவர்ந்தது. தோழி தலைவியோடுதான் கதைக்கிறாள். ஆனால் வேலிக்கு வெளியே தலைவன் வந்து நிற்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்குக் கேட்கவேண்டும் என்றே கதைக்கிறாள். அவனிடம் நேரே சொன்னால் மரியாதைக் குறைவு. சொல்லாமலும் இருக்க ஏலாது.

"விளங்குதோ?" என்று மிஸ் கேட்டார்.

"ஓம் மிஸ். என்ர மனுசி பூனைக்குப் பேசுறது மாதிரி" என்றேன். அப்போது எனக்குத் திருமணமாகிச் சில மாதம்தான். வீட்டில் தேங்காய் முடிந்தால் என் மனைவி பூனையைப் பார்த்து, 'உனக்கென்ன, சாப்பிட்டுட்டுப் படுத்திரு, தேங்காய் தானா நடந்து வரும்' என்பாள். நான் எழும்பிக் கடைக்குப் போவேன். பூனை அசையாது.

மிஸ் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

இனி, தர்ஷினியின் கேள்விக்கு நான் அறிந்த ஒரே பதிலைத் தந்த சம்பவத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் வழமை இதுதான்: முதலில் குறிப்பை வாசிப்பது, பிறகு அந்த ஆளின் குரலில் பாட்டை நடித்து வாசிப்பது. நூலகத்தை நடத்திய குழுவினருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. உயிரோட்டமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். நானும் பதிவறைக்குள் வெட்கமில்லாமல் தலைவியாக அழுவேன், தாயாகப் புலம்புவேன். கடையில் ஒரு கிலோ சீனி கேட்கத்தான் எனக்கு வாய் வராது.

நாடாவைத் திருப்பி அனுப்புகிறவர்கள், கடைசியில் மிஞ்சும் வெற்று இடத்தில் தங்கள் கருத்தைப் பதிந்து அனுப்புவது வழக்கம். ஒருநாள் கிண்ணியாவிலிருந்து வந்த நாடாவின் முடிவில் நபீஸ் என்பவரின் குரல் இருந்தது. முப்பது வயதுக்காரர். ஆசிரியர் வேலைக்காக வீட்டிலிருந்தபடியே வெளிவாரியாகப் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். மற்றப் பாடமெல்லாம் முடித்துவிட்டார். பழைய இலக்கியத் தாளில் மட்டும் ஒருமுறை தவறிவிட்டது. மறுபடி எழுத வேண்டும். பட்டம் கிடைத்தால்தான் வேலை. வேலை கிடைத்தால்தான் கல்யாணம். மூதூரில் பெண் பேசி வைத்திருக்கிறார்கள். வெறுங்கையோடு மகனைப் பெண் வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று உம்மா நாளைத் தள்ளிக்கொண்டு போகிறார். மூதூர்ப் பக்கத்தில் பொறுமை குறைந்துகொண்டு வருகிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு நபீஸ் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணன், நீங்க நல்லா அழுவுறீங்க. ஆனா அந்தப் பொண்ணு அழுவுறாளா எண்டு நான் பாக்க ஏலாம இரிக்கி. நீங்க எனக்கு முந்திப் போயிட்டீங்க."

அவர் சொன்ன பாட்டு சின்னது. அதன் பொருள் இதுதான்: படகைக் கரைக்கு இழுத்துத் தாழை வேரில் கட்டியிருக்கிறார்கள். முடிச்சு இறுக்கமில்லை. நீர் ஏறப் போகிறது. கட்டினவன் தூங்கப் போய்விட்டான். படகு போய்விட்டால் படகைக் குறை சொல்லாதே. எங்கள் புத்தகத்தின் குறிப்பு, தலைவி தன் நிலையை நினைத்துத் தோழிக்குச் சொன்னது என்றது. நான் அழுதேன். நபீஸின் ஆசிரியர் வைத்திருந்த வேறு பதிப்பின் குறிப்பு, தோழி சொன்னது, வேலிக்கு வெளியே நிற்கும் தலைவன் கேட்க என்றது. அப்படியானால் அதில் அழுகையில்லை, எச்சரிக்கை. போன பரீட்சையில் நபீஸ் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். தோழி என்று எழுத நினைக்கும்போதெல்லாம் என் அழுகை காதில் கேட்டதாம். குறிப்பும் குரலும் இல்லாமல் பாட்டை மட்டும் வாசித்துத் தரமுடியுமா, ஆர் கதைக்கிறது என்று நானே தேடிப் பார்க்கிறேன் என்று கேட்டிருந்தார்.

மிஸ் அந்த நாடாவை இரண்டு தரம் கேட்டார். குழு ஒத்துக்கொள்ளாமல் வழமையை மாற்றிப் பதிய அவருக்கு அதிகாரம் இல்லை. "பதிவறைக்குள்ள ஏலாது. நீங்கள் கிண்ணியாக்குப் போய் நேர வாசிச்சுக் காட்டுங்கோ" என்றார். கண்ணாடி இல்லாமல், மெத்தைப் பஞ்சு இல்லாமல், ஒரு மனிதருக்கு முன்னால் இருந்து வாசிப்பது என்றதும் எனக்குக் காய்ச்சல் வரும் போலிருந்தது. போகாவிட்டால் நபீஸ் பரீட்சையில் மறுபடி தவறிவிடுவார் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் பஸ் ஏறினேன்.

நபீஸின் வீட்டில் முன் அறைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு துணித்திரை. நான் போனபோது உம்மா பக்கத்து வீட்டில் இருந்தார். நபீஸ் என்னை இருத்திவிட்டு, "ஒரு குரலும் போடாதீங்க. பேப்பர் வாசிக்கிற மாதிரி வாசிங்க" என்றார். வலை பொத்துகிறவர்களை நினைத்துக்கொண்டு வாசித்தேன். மறுபடி என்றார். வாசித்தேன். பழைய சொற்களுக்குப் பொருளும் சொல்லச் சொன்னார். முடிச்சு இறுக்கமில்லை, நீர் ஏறப் போகிறது, கட்டினவன் தூங்கப் போய்விட்டான் என்று இன்றைய தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இடையில் குசினிப் பக்கமிருந்து தேங்காய் துருவும் சத்தம் கேட்கத் தொடங்கியதை இருவருமே கவனிக்கவில்லை. அது நின்றபோதுதான் கவனித்தோம்.

திரையை விலக்கிக்கொண்டு உம்மா வந்தார். கையில் பாதித் தேங்காய். என்னைப் பார்த்து அமைதியாகக் கேட்டார். "மூதூரால வந்தீங்களா தம்பி?"

நபீஸ் முந்திக்கொண்டு, இவர் நூலகத்து அண்ணன், இது பரீட்சைக்கு வந்த பழைய பாட்டு என்று விளங்கப்படுத்தினார்.

"பாட்டெண்டு எனக்கும் வெளங்குது. ஆள் அனுப்பிச் சொல்றம் எண்டு அவங்க போன கிழமையே சொன்னவங்க. பாட்டாச் சொன்னா மரியாதையா இரிக்கும் எண்டு நெனச்சிருப்பாங்க."

"இல்லை உம்மா, நான் நூலகத்தால" என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"ஓம் ஓம், அப்புடித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க" என்று உம்மா கதிரையில் இருந்துவிட்டார். "பாட்டெண்டா என்ன, ஆரோ ஆருக்கோ சொன்னதுதானே. கயித்த ஒழுங்காக் கட்டல்ல எண்டு என்ட ஊட்டுக்குள்ள வந்து ஒருத்தர் மூணு தரம் சொன்னா, நான் ஆருக்கெண்டு நெனைக்கிற?"

நபீஸ் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, முகம் கூர்மையாகிவிட்டது. புதிதாக ஏதோ கையில் தட்டுப்பட்டவர் அதைத் தடவிப் பார்ப்பது போல மெல்லக் கேட்டார். "உம்மா, அந்தப் பாட்ட ஆரு சொல்றா எண்டு நெனைக்கிறீங்க?"

"பொண்ணுட உம்மாதான். வேற ஆரு கயித்தப் பாப்பா?"

உம்மா தேங்காயை முடித்தார். எனக்குச் சோறு போட்டார். நான் சாப்பிட்டு எழும்பும்போது, தன் தம்பியைக் கூப்பிட்டு மூதூருக்குச் சொல்லி அனுப்பினார். வேலை வரும்போது வரட்டும், நாளைப் பாருங்கள் என்று.

மறுநாள் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பெண்ணின் தாய் சொல்கிறாள் என்று எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் புத்தகத்தைத் திறந்து பாட்டை மறுபடி வாசித்தார். பிறகு பொறுமையாக, எடுக்கமுடியாது என்று விளக்கினார். இந்த வகைப் பாட்டில் களவுக் காதல் தாய்க்கு இன்னும் தெரியாது. தெரியாதவள் முடிச்சைப் பற்றிச் சொல்லமாட்டாள். மரபு அப்படி. பரீட்சைக்கு நபீஸ் மரபைத்தான் எழுதவேண்டும். அவர் சொன்னது சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் புத்தகத்தை மூடாமல் அந்தப் பாட்டிலேயே விரலை வைத்திருந்தார். "ஆருக்குக் கேக்குது எண்டதை மட்டும் குறிப்பு எழுதினவராலயும் கட்டி வைக்க ஏலாது போல" என்றார், எனக்கா தனக்கா என்று தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவரே குழுவோடு கதைத்தார். அதன்பின் வழமை மாறியது. முதலில் பாட்டு மட்டும், எந்தக் குரலும் இல்லாமல். பிறகு ஒரு இடைவெளி, நாடா வெறுமனே ஓடும். அதன்பின் குறிப்பு, பதிப்புக்குப் பதிப்பு வேறுபட்டால் எல்லாக் குறிப்புகளும். கடைசியில்தான் நடித்து வாசிப்பது. அந்த இடைவெளி பழுது என்று நினைத்துச் சிலர் நாடாவைத் திருப்பி அனுப்பினார்கள். மிஸ் அப்படியே மறுபடி அனுப்பினார்.

தர்ஷினி பிள்ளை, உங்கள் கணினிக்கு எத்தனை குரல் வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் அந்த இடைவெளியை எடுத்துவிடாதீர்கள்.

நபீஸ் பரீட்சை எழுதினார். அந்தப் பாட்டும் வந்ததாம். இரண்டு குறிப்பையும் சொல்லி, தோழி என்பதற்கான காரணங்களைத் தன் விளக்கமாக எழுதுவித்தார். "உம்மாட கருத்த எழுதினா புள்ளி தரமாட்டாங்க அண்ணன். ஆனா விட்டுட்டு வந்தது மனசுக்கு ஒரு மாதிரி" என்றார். தேறிவிட்டார். வேலை அதற்கும் பின்னர், வெகுநாள் இழுத்து வந்தது. அதுவரை உம்மா காத்திருந்திருந்தால் மூதூர் காத்திருந்திருக்காது என்று நபீஸே பிறகு சொன்னார்.

கல்யாணம் பரீட்சை முடிவு வருமுன்னே மூதூரில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரோடு வான் வண்டியில் என்னையும் ஏற்றிவிட்டார்கள். பகல் சாப்பாட்டுக்குப்பின் ஒரு மூலையில் ஒதுங்கி இருந்தேன். உம்மா ஆள் அனுப்பி, பெண்கள் இருந்த அறையின் திரைக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த சம்பந்தியிடம், "இவர்தான் மச்சி, நீங்க பாட்டுக் குடுத்து அனுப்பினவர். சும்மா சொல்லக்கூடாது, நல்லா வாசிச்சார்" என்றார்.

அந்த வீட்டார் என்னைக் கண்டதே இல்லை. இல்லை என்று அவர்கள் சொல்லப்போகும் நேரத்தில் முகத்தை எங்கே வைப்பது என்று திரையின் பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே கதையெல்லாம் ஓய்ந்துவிட்டது. எங்கள் நாடாவில் விடுகிற இடைவெளி அளவுக்கு ஒரு அமைதி. பிறகு பெண்ணின் தாயின் குரல் வந்தது, நடிப்பில்லாமல், பேப்பர் வாசிக்கிற மாதிரி.

"ஓம் மச்சி. நாங்கதான் அனுப்பின."